படத்தில் இருப்பது அரிய பறவை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் பயண இணைப்பில் வெளிவந்த கென்யப் பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்னும் மான் வகைக் கூட்டம் கடக்கும் காட்சியைக் கட்டுரையாளர் எழுதியிருந்த விதத்தில் தூசியும் இரைச்சலும் கண்முன் வந்தன. ஆனால், கட்டுரையின் நடுவே அச்சாகியிருந்த ஒரு பறவையின் படமும், அதன் கீழே ‘கென்யாவின் அரிய வண்ணப் பறவை’ என்றிருந்த குறிப்பும் இந்தக் கடிதத்தை எழுதவைத்தன. தலை கறுத்து, முதுகும் சிறகும் நீலமும் பச்சையுமாக மின்னி, வயிறு செங்காவி நிறத்தில் இருக்கும் அந்தப் பறவை மைனாக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் ‘சூப்பர்ப் ஸ்டார்லிங்’ என்பார்கள். எத்தியோப்பியாவிலிருந்து தான்சானியா வரை, முள்மரக் காடுகளிலும் புல்வெளிகளிலும் ஊர்ப்புறத் தோட்டங்களிலும் கூட்டங்கூட்டமாகத் திரிகிற பறவை அது. சஃபாரி விடுதிகளில் சாப்பாட்டு மேசைக்கே வந்து, சிந்திய துணுக்குகளைக் கொத்திக்கொண்டு போகும். அதை அரிய பறவை என்பது காகத்தை அரிய பறவை என்பதற்குச் சமம்.

ஒரு படக்குறிப்பில் நேர்ந்த பிழைக்கு இத்தனை நீண்ட கடிதமா என்று தாங்கள் எண்ணக்கூடும். பிழை சிறிதுதான். ஆனால், அது தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புதிய நாட்டுக்குப் போகிறவர் அங்குள்ள அரிதானதைப் பார்த்துவிட்டால்தான் பயணம் பலித்தது என்ற எண்ணம் பயண எழுத்துகளில் ஊறிப்போயிருக்கிறது. அதனாலேயே, தாம் இதுவரை காணாத எதையும் அரிதானது என்று எழுதிவிடுகிறார்கள். நாம் காணாதது வேறு, அரிதானது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட பயணி, எளிதில் பார்க்கக்கூடிய நூறு உயிர்களைத் தவறவிட்டுவிட்டு, பார்ப்பதற்கு அரிய ஐந்தைத் தேடி அலைகிறார். அவரைப் போன்ற ஆயிரம் பேர் தேடி அலைவதால் அந்த ஐந்தும் நெருக்கடிக்கு உள்ளாகின்றன.

அந்த மைனாவையே எடுத்துக்கொள்வோம். அது கூட்டுக் குடும்பமாக வாழும் பறவை. ஓர் இணை குஞ்சு பொரித்தால், கூட்டத்தில் உள்ள மற்றப் பறவைகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். உறவுப் பறவைகள் உதவுவதில் பெரிய வியப்பில்லை. உறவில்லாதவையும் உதவுகின்றன என்பதுதான் வியப்பு. கென்யாவில் 20 ஆண்டுகளாகத் திரட்டிய பதிவுகளைக் கொண்டு 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தப் பருவத்தில் உதவி பெற்ற பறவை வேறொரு பருவத்தில் தனக்கு உதவிய பறவையின் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது என்றும், உறவில்லாத பறவைகளுக்கிடையே இந்தக் கொடுக்கல் வாங்கல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது என்றும் காட்டியது. இத்தனையும் விடுதியின் சாப்பாட்டு மேசைக்கு அருகில் நடக்கிறது. ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் அந்தக் கூட்டத்தைக் கவனித்தால், எது எதற்கு ஊட்டுகிறது என்பதைப் பயணி தானே பார்க்கலாம். சிங்கத்தைத் தேடி விடியுமுன் வண்டியில் ஏறிவிடுகிறவருக்கு இதற்கு நேரம் கிடைப்பதில்லை.

உலகில் ஏறத்தாழ 11,000 பறவையினங்கள் உள்ளன. கொலம்பியா என்ற ஒரே நாட்டில் 1,900க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. இந்தக் கணக்கில், ஊன்றிக் கவனிக்கிற ஒருவர்கூட தம் சொந்த நாட்டில் சில நூறு இனங்களை அறிந்திருந்தால் பெரிது. ஆகவே, புதிய நாட்டில் கால் வைத்ததும் அங்குள்ள மிகச் சாதாரணப் பறவையும் மிக அரிய பறவையும் அவருக்கு ஒரே அளவில் புதியவை. அந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்தப் பேறு கிடையாது. விருந்தாளியாக வருகிறவருக்கு மட்டும், அதுவும் முதல் சில நாள்களுக்கு மட்டும் கிடைப்பது அது.

நான் முதன்முதலாகக் கடல் கடந்து போனது லண்டனுக்கு. மேற்கு நோக்கிப் பறந்து போகிறவருக்கு உடலின் கடிகாரம் முந்தி ஓடுவதால், மற்றவர்கள் உறங்கும் நேரத்தில் விழிப்பு வந்துவிடும். பலர் இதைத் தொல்லை என்பார்கள். பறவை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. கோடைகாலத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுகிறது. ஹைட் பூங்காவில் மனித நடமாட்டம் இல்லை. ராபினையும் கருங்குருவியையும் எதிர்பார்த்துப் போன என் தலைக்கு மேலே கீச்சென்ற அலறலுடன் ஒரு கூட்டம் பறந்து போனது. நிமிர்ந்து பார்த்தால், கழுத்தில் வளையமிட்ட பச்சைக்கிளிகள். கண்ணை நம்பாமல் சிறிது நேரம் அப்படியே நின்றேன். வளர்ப்பிலிருந்து தப்பியவையும் விடுவிக்கப்பட்டவையும் பெருகி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கிளிகள் தென்கிழக்கு இங்கிலாந்தில் குடும்பம் நடத்திவருகின்றன என்று பிறகு தெரிந்துகொண்டேன். லண்டனில் கிளி பார்த்தது ஒரு ‘வீணான’ காட்சி என்று உடன் வந்த நண்பர் நகைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்படி வந்தாய் என்று ஒரு பறவையைக் கேட்கத் தொடங்கினால், அந்த நாட்டின் கதை பாதி வந்துவிடுகிறது.

நியூயார்க்கின் நடைபாதைகளில் தத்தித் திரியும் சிட்டுக்குருவி, 1850களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து புரூக்ளினுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே நகரத்தின் சென்ட்ரல் பூங்காவில் 1890இலும் 1891இலுமாக ஏறத்தாழ நூறு ஐரோப்பிய ஸ்டார்லிங்குகளைத் திறந்துவிட்டார்கள். இன்று வட அமெரிக்காவில் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. பூச்சிகளைத் தின்னும் என்று நம்பி 1860களில் மெல்போர்னுக்குக் கொண்டுபோன மைனா, இன்று ஆஸ்திரேலியர்களுக்குத் தலைவலி. உண்ணிக்கொக்கின் கதை வேறு: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தன் சிறகை நம்பியே கடந்து தென் அமெரிக்காவை அடைந்தது, அங்கிருந்து வடக்கே பரவியது. ஒரே வயல்வெளியில் மாட்டின் காலடியில் நிற்கும் கொக்கையும் வேலியில் உட்கார்ந்திருக்கும் குருவியையும் பார்க்கும்போது, ஒன்று வந்த குடி, மற்றது கொண்டுவரப்பட்ட குடி என்று தெரிந்திருந்தால் பார்வையே மாறிவிடும்.

தங்கள் கட்டுரையாளருக்கும் இந்த வாய்ப்பு வந்திருந்தது. மொம்பாசா கடற்கரையில் ‘நம் காகங்கள் அங்கும் நம்மை வரவேற்றன’ என்று ஒரு வரியில் நகைச்சுவையாக எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்தக் காகம் கென்யாவின் பறவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான்சிபார் தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுதும் பெருகியது. உள்ளூர்ச் சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சூறையாடுகிறது. 2024இல் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாகக் கென்ய வனவிலங்குத் துறை அறிவித்ததும் இதனால்தான். வந்தவரை வரவேற்றதாக எழுதப்பட்ட பறவையை அந்நாட்டார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை வாசகருக்குச் சொல்லியிருந்தால், கட்டுரையின் மிகச் சிறந்த பத்தி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பெயர்களும் பயணியை ஏமாற்றும். இங்கிலாந்தின் ராபின் உள்ளங்கையில் அடங்கும் சிறு பறவை. அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆங்கிலேயர்கள், அங்கே மார்பு சிவந்த ஒரு பறவையைக் கண்டதும் ஊர் நினைவில் அதற்கும் ராபின் என்றே பெயரிட்டார்கள். அது பூங்குருவி இனம். ஏறத்தாழ இருமடங்கு நீளமானது. ஆஸ்திரேலியாவில் ராபின் என்று அழைக்கப்படுபவை இந்த இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லாத மூன்றாவது குடும்பம். ஆஸ்திரேலிய மேக்பையும் இப்படித்தான். கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால் ஐரோப்பிய மேக்பையின் பெயரைப் பெற்றதே தவிர, அது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அதன் பாட்டு அவ்வளவு இனிமையானது. கூடு கட்டும் காலமான ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சில ஆண் பறவைகள் கூட்டருகே வருகிறவர்களின் தலைமேல் பாய்ந்து விரட்டும் என்பதையும், முதன்முறை போகிறவருக்குச் சொல்லிவைப்பது நல்லது.

சாதாரணப் பறவையை அறிந்தவரே அரிய பறவையையும் அறிவார் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு வருத்தமான சான்று உண்டு. நீலத்தாழைக்கோழியை அறிந்தவர்கள் அங்குள்ள புகேகோவைக் கண்டதும் இது நமக்குத் தெரிந்ததுதான் என்பார்கள். அதே நீலம், அதே சிவந்த அலகு. அதற்கு உறவான டகாஹே, பறக்க முடியாத, தடித்த உடலும் பருத்த அலகும் கொண்ட பறவை. அழிந்தே போய்விட்டதாகக் கருதப்பட்டு 1948இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 2015இல் ஒரு தீவில் புகேகோக்களின் எண்ணிக்கையைக் குறைக்க அனுப்பப்பட்ட வேட்டைக்காரர்கள், அவை என்று எண்ணி நான்கு டகாஹேக்களைச் சுட்டுவிட்டார்கள். உள்ளூர்க்காரருக்கே நேர்ந்த பிழை இது. பயணி செய்யும் பிழையால் உயிர் போகாது என்றாலும், புகேகோவை ஒரு மணி நேரம் பார்த்துப் பழகாதவர், டகாஹே எதிரே வந்து நின்றாலும் அதன் அருமை தெரியாமல் கடந்துபோவார்.

உறவுபோலத் தோன்றி உறவில்லாதவையும் பயணத்தின் சுவைகளில் ஒன்று. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பூவில் தேன் குடிக்கும் வேலையைத் தேன்சிட்டுகள் செய்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் அதையே செய்பவை ரீங்காரச்சிட்டுகள். ஏறத்தாழ 360 இனங்கள் இருந்தும் அந்தக் கண்டங்களுக்கு வெளியே ஒன்றுகூட இயற்கையில் இல்லை. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்து குடிக்கும். ரீங்காரச்சிட்டு காற்றில் நின்றபடி குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். அதுபோலவே, பெரிய அலகுள்ள இருவாட்சியை அறிந்தவர், அதே போன்ற அலகுள்ள அமெரிக்கக் கண்டங்களின் டூக்கானைப் பார்த்ததும் சொந்தக்காரன் என்று நினைப்பார். இருவாட்சி கொண்டலாத்திக்கு உறவு. டூக்கான் மரங்கொத்திக்கு உறவு. இவற்றைக் காணக் காட்டின் நடுவுக்குப் போக வேண்டியதில்லை. பூத்த செடியும் பழுத்த மரமும் இருக்கும் ஒரு விடுதித் தோட்டம் போதும்.

கோஸ்டா ரிகாவைப் பற்றி இங்கே சிறிது விரிவாக எழுத அனுமதி கேட்கிறேன். 900க்கு மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ள அந்தச் சிறிய நாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கெட்சாலைக் காணப் போகிறார்கள். மரகதப் பச்சை முதுகும் குருதிச் சிவப்பு வயிறும் உடலைவிட நீண்ட வால்சிறகுகளுமாக இருக்கும் ஆண் கெட்சால், பார்ப்பவர் மூச்சை நிறுத்தும் பறவைதான், மறுக்கவில்லை. நானும் அதற்காகவே போனேன். மேகக்காட்டில் இரண்டு காலைகள் மழையில் நனைந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள், உள்ளூர் வழிகாட்டி பறவையைத் தேடுவதை விட்டுவிட்டு, காய்த்து நின்ற ஒரு காட்டு அவகாடோ மரத்தின் எதிரே எங்களை உட்காரவைத்தார். கெட்சாலுக்கு அந்தச் சிறு காய்கள் உயிர். பறவையைத் தேடாதீர்கள், அதன் பசியைத் தேடுங்கள் என்பதுதான் அவர் முறை. கெட்சால் வந்தது, முக்கால் நிமிடம் இருந்தது, போய்விட்டது.

ஆனால், அந்தப் பயணத்தில் என் மனத்தில் தங்கியது அந்த முக்கால் நிமிடம் அல்ல. ஒவ்வொரு விடியலிலும் விடுதி முற்றத்தில் மண்நிறத்தில் ஒரு பூங்குருவி பாடிக்கொண்டிருந்தது. இறகில் பளபளப்பு இல்லை, கொண்டை இல்லை, பார்த்தவுடன் மறந்துபோகும் தோற்றம். இதுதான் எங்கள் தேசியப் பறவை என்று விடுதியில் வேலை செய்த பெண்மணி சொன்னபோது, கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். உண்மைதான். கெட்சாலும் டூக்கானும் பஞ்சவர்ணக் கிளிகளும் இருக்கும் நாடு, 1977இல் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ‘யிகுய்ரோ’ என்று அவர்கள் அழைக்கும் இந்தப் பழுப்புப் பறவையைத் தேசியப் பறவையாக அறிவித்தது. வீட்டருகே வாழ்வது, மழைக்காலம் தொடங்கும் வேளையில் பாடுவது, அது பாடித்தான் மழை வருகிறது என்று உழவர்கள் நம்பியது ஆகியவையே காரணம். அந்த மக்கள் தங்கள் பறவை எது என்று கேட்டபோது எதைக் காட்டினார்களோ, அதைப் பாராமல் கெட்சாலை மட்டும் பார்த்துத் திரும்பியிருந்தால், அந்த நாட்டில் நான் பார்த்தது ஒரு படத்தை மட்டுமே.

இனி, தங்கள் கட்டுரையில் விடுபட்டது ஒன்று. வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதைக் கட்டுரையாளர் அவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறார். எந்த மாதத்தில் பார்த்தார் என்று ஓரிடத்திலும் இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த விலங்குகள் மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து ஆண்டு முழுதும் சுற்றிவருகின்றன. மாரா ஆற்றின் பக்கம் அவை இருப்பது பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை. கட்டுரையைப் படித்துவிட்டு விடுமுறை கிடைத்தது என்று பிப்ரவரியில் மாராவுக்குப் போகிறவர், ஆற்றையும் முதலைகளையும் மட்டும் பார்த்துத் திரும்புவார். அப்போது அந்தப் பெருங்கூட்டம் தெற்கே தான்சானியாவில், செரெங்கெட்டியின் தென்கோடிப் புல்வெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். வேல்ஸ் கடற்கரையை ஒட்டிய ஸ்கோமர் தீவில் பஃபின் என்னும் கடற்பறவைகளைக் காண ஆகஸ்டில் போகிறவருக்கும் இதே கதிதான். ஏப்ரல் முதல் ஜூலை இறுதிவரை ஆயிரக்கணக்கில் இருந்தவை அதற்குள் கடலுக்குப் போயிருக்கும். நியூசிலாந்தின் சேற்றுக் கழிமுகங்களில் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவைகள் செப்டம்பர் வாக்கில் வந்திறங்கி மார்ச்சில் புறப்பட்டுவிடும். அவை அலாஸ்காவிலிருந்து இடையில் எங்கும் இறங்காமல் வருகின்றன. 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம்பறவை அங்கிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் பறந்து கடந்தது. மாதத்தைச் சொல்லாத பயணக் கட்டுரை, புறப்படும் நேரம் போடாத ரயில் அட்டவணையைப் போன்றது.

மாதத்தை அறிவது இப்போது எளிது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய ‘ஈ-பேர்ட்’ தளத்தில், உலகின் எந்தப் பகுதியைக் குறிப்பிட்டாலும் எந்தப் பறவை எந்த வாரத்தில் எவ்வளவு தென்படுகிறது என்பதைப் பட்டைகளாகக் காட்டிவிடும். பட்டை ஆண்டு முழுதும் தடித்திருக்கும் பறவைகளில் இருபதைத் தேர்ந்து, புறப்படும் முன்பே அவற்றின் உருவத்தையும் குரலையும் பழகிக்கொண்டு போவது என் வழக்கம். அந்த இருபது தெரிந்துவிட்டால், இருபத்தொன்றாவது தானாகக் கண்ணில் படும். அதே ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. நல்ல துணைதான், ஆனால், கரிச்சானைப் போல் மற்றப் பறவைகளின் குரலில் பேசும் பறவைகள் அதை ஏமாற்றிவிடும் என்பதால், கண்ணால் காணாததை நான் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. பைனாகுலர் வாங்குகிறவர்கள் அதிக உருப்பெருக்கத்தை நாடுவார்கள். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பும் உள்ளது போதும். அதற்கு மேல் போனால் கையின் நடுக்கமும் சேர்ந்தே பெருகும். மற்றபடி, விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரமும் ஓரிடத்தில் அசையாமல் உட்காரும் பொறுமையும் எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

உள்ளூர் மனிதரின் துணை அதனினும் பெரிது. நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்கர் 2015ஆம் ஆண்டில் 41 நாடுகளுக்குச் சென்று 6,042 பறவையினங்களைக் கண்டார். போன இடமெல்லாம் அந்தந்த ஊரின் பறவை ஆர்வலர்களை நம்பியே போனார். எக்குவடோரில் ஆங்கெல் பாஸ் என்ற விவசாயி, தன் நிலத்துக் காட்டில் மனிதர் கண்ணில் படாமல் ஒளிந்து வாழும் ஆன்ட்பிட்டா பறவைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மண்புழு கொடுத்துப் பழக்கினார். அதைக் காண உலகெங்கிலுமிருந்து ஆள்கள் வரத் தொடங்கியதால் அந்தக் காடு மரமாக விற்கப்படாமல் நிற்கிறது. காட்டுப் பறவைக்கு இரை வைப்பது எனக்கு முழுதும் உடன்பாடானது அல்ல. ஆயினும், காடு நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையில் என்னை உறுத்திய மற்றோரிடம், ஓட்டுநர் பாதையை விட்டு இறங்கி ‘சிறுத்தைக்கு மிக அருகில்’ வண்டியை நிறுத்தினார் என்று பெருமையாக எழுதியிருந்தது. படத்தில் கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்க் கோடுபோல் கறுப்பு வரி ஓடுவதால் அது சிறுத்தை அல்ல, சிவிங்கிப்புலி. பெயரைவிடச் செயல்தான் முக்கியம். மாசாய் மாரா காப்பகத்தில் பாதையை விட்டு வண்டி ஓட்டுவது விதிமீறல். ஒரே விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்பதும் அப்படியே. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது. துரத்திப் பிடிக்க அதற்கு வெட்டவெளி வேண்டும். அங்கே நடந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுற்றுலா வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் வாழும் தாய்ப்புலிகள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள், நெரிசல் குறைந்த பகுதிகளில் உள்ளவற்றைவிட மிகவும் குறைவு என்று தெரியவந்தது. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. வேறொரு காப்பகத்தில், வானொலியில் செய்தி கேட்டு ஓடிவந்த பதினான்கு வண்டிகளில் ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன். மானை நோக்கிப் பதுங்கிக்கொண்டிருந்த சிவிங்கிப்புலி, வண்டிகளின் இரைச்சலில் வேட்டையைக் கைவிட்டு நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லோரும் படம் எடுத்தோம். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை.

தூரம் என்பது ஒவ்வொரு நாட்டிலும் எண்ணாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கலாபகஸ் தீவுகளில் எந்த விலங்கிலிருந்தும் 2 மீட்டர். அண்டார்க்டிகாவில் பெங்குயின்களிடமிருந்து 5 மீட்டர். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் காட்டெருமைக்கு 23 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர். ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் மலைக் கொரில்லாக் குடும்பத்தைப் பொதுவாக ஒரு நாளில் எட்டுப் பேர் கொண்ட ஒரே குழு, ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். மனிதரின் சாதாரணச் சளியே அவற்றுக்கு நோயாக மாறும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. 2016இல் யெல்லோஸ்டோனுக்கு வந்த பயணிகள், குளிரில் நடுங்குகிறது என்று இரக்கப்பட்டு ஒரு காட்டெருமைக் கன்றைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. பூங்கா அதிகாரிகள் கன்றைக் கொல்ல வேண்டியதாயிற்று. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அந்த நாட்டின் விலங்கை அறியாத விருந்தாளிகள், அவ்வளவுதான்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இத்தகையதே. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணிக் கூட்டை விட்டு ஓடிவருகிறது அந்தப் பறவை. இதைப் பல காப்பகங்களில் தடை செய்திருக்கிறார்கள். 2021இல் கலிபோர்னியாவில் ஒரு டிரோன் ஆலா என்னும் கடற்பறவைகளின் கூட்டிடத்தில் விழுந்ததும் ஆயிரக்கணக்கான பறவைகள் மிரண்டு பறந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் மணலில் அனாதையாகக் கிடந்தன. தென்கிழக்கு ஆசியச் சுற்றுலாத் தெருக்களில் தேவாங்கைத் தோளில் வைத்துப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். கடிக்காமலிருக்க அதன் பற்கள் பிடுங்கப்பட்டிருக்கும் என்பது படத்தில் தெரியாது. நியூசிலாந்துக்குள் நுழையும்போது காலணியில் ஒட்டிய மண்ணைக்கூட அதிகாரிகள் பார்ப்பார்கள். சிலர் இதைக் கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறார்கள். வௌவால்களைத் தவிர நிலப் பாலூட்டிகளே இல்லாததால் அவற்றுக்கு அஞ்சாமல் பரிணமித்த பறவைகளின் நாடு அது. வெளியிலிருந்து வந்த எலியும் மரநாயினமும் அவற்றைப் படுத்திய பாட்டை அறிந்தவர் அலுத்துக்கொள்ள மாட்டார். அந்த அச்சமின்மையின் மிச்சத்தை வெலிங்டன் நகரத்தையொட்டி, 8.6 கிலோமீட்டர் வேலிக்குள் இருக்கும் சீலாண்டியா காப்பகத்தில் இன்றும் காணலாம். காலால் சருகைச் சிறிது கிளறிவிட்டு அசையாமல் நின்றால், வெளிப்பட்ட பூச்சியைத் தேடி அந்த நாட்டு ராபின் காலணி முனைவரை வந்துவிடும். இங்கே மனிதர் நெருங்கவில்லை, பறவை நெருங்குகிறது.

ஆகவே, தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தங்கள் பயண இணைப்பில் இனி வெளிவரும் ஒவ்வொரு காட்டுயிர்க் கட்டுரையின் முடிவிலும், பார்த்த மாதம், பார்த்த நேரம், அந்த இடத்தில் கடைப்பிடிக்க வேண்டிய தூரம் ஆகிய மூன்றையும் நான்கு வரிகளில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அரிய விலங்கின் படத்தோடு, அந்த ஊரில் தெருவோரம் திரியும் ஒரு பறவையின் படத்தையும் பெயரோடு போட இடம் ஒதுக்கினால் மேலும் மகிழ்வேன். படம் எடுத்த சரியான இடத்தை மட்டும், காண்டாமிருகம் போன்ற வேட்டைக்கு உள்ளாகும் விலங்காக இருந்தால், வெளியிடாமல் விடுவது நல்லது.

இறுதியாக, அந்தப் படக்குறிப்பைப் பற்றி. அதே பகுதியில் ஏறக்குறைய அதே நிறங்களுடன் ஹில்டெபிராண்ட் ஸ்டார்லிங் என்று மற்றொரு மைனாவும் உண்டு என்பதால், தங்கள் புகைப்படப் பிரிவினர் ஐயுறக்கூடும். அதற்குக் கண் செம்மஞ்சளாக இருக்கும். மார்பில் வெள்ளைப் பட்டை இருக்காது. தாங்கள் வெளியிட்ட படத்தில் கண் வெளிறியிருக்கிறது. நீல மார்புக்கும் செங்காவி வயிற்றுக்கும் இடையே வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிகிறது. ஆகவே, ‘சூப்பர்ப் ஸ்டார்லிங், கிழக்கு ஆப்பிரிக்காவில் எங்கும் காணக்கூடிய மைனா’ என்று திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்